மேசைக்கு மேலே இருபத்திநாலு இஞ்சு

மார்த்தாண்டம் மேம்பாலம் இறங்கி
குழித்துறைக்குப் போகிற வழியில்
அந்தச் சாம்பல் நிறக் கட்டடம்.
வயர் இழுத்தது நான்.
சுவருக்குள் எந்தக் குழாய் எங்கே வளைகிறது என்று
கண்ணை மூடிச் சொல்வேன்.
சாப்பிட மட்டும் இன்றைக்குத்தான் வருகிறேன்,
கூலி பாக்கியில் கடைசி மூவாயிரத்துக்குப் பதிலாக
ஷெர்வின் நீட்டிய கூப்பனோடு.
இரண்டு பேருக்கு. ஞாயிற்றுக்கிழமை செல்லாது.

எப்சிபாய் கிறிஸ்துமஸ் சேலையைக் கட்டியிருந்தாள்.
வாசலில் செருப்பைக் கழற்றப் போனவளை
ஒரு பையன் ஓடிவந்து தடுத்தான்.

ஸ்வீடனில் ஏழு வருடம் இருந்தவன் ஷெர்வின்.
அங்கே பாதி வருடம் இருட்டாம்,
அதனால் வெளிச்சத்தை
மேசை மேசையாக அளந்துதான் வைப்பார்களாம்.
இருபத்திநாலு இஞ்சு, ஒரு நூல் கூடக் கூடாது என்றான்.
தலை முட்டும் சார் என்றேன்.
முட்டட்டும் என்றான்.
பதினெட்டு விளக்கையும் தொங்கவிட்டேன்,
வாழைக்கூம்பு மாதிரி.
என் வீட்டு ட்யூப் லைட் உத்தரத்தில் கிடக்கிறது;
கட்டிலுக்கடியில் போகிற எறும்பும்
அதற்குத் தப்பாது.

மேசை ஏதோ வெளிநாட்டு மரம்போல வெளுத்திருந்தது.
எப்சிபாய் நகத்தால் சுரண்டிப் பார்த்து
"ரப்பர் தடி" என்றாள், மெதுவாக,
கள்ளனை அடையாளம் காட்டுகிற குரலில்.

முதலில் வந்தது ஒரு கல்.
கல்லின்மேல் கறுத்த ரொட்டி மூன்று துண்டு,
புகை மணக்கும் வெண்ணெய் ஒரு நகத்தளவு.
"கல்லையும் தின்னணுமா?"
அடுத்தது வினிகரில் ஊறின சாளை.
குளச்சல் சாளைதான்.
தலையில்லை, முள்ளில்லை, மிளகாயில்லை, தேங்காயில்லை,
பரீட்சையில் தோற்ற பிள்ளையாய்
தட்டின் ஓரத்தில் சுருண்டு கிடந்தது.
மேலே நூல்நூலாக ஒரு பச்சை இலை.
அவள் குனிந்து முகர்ந்தாள்.
"கிரைப் வாட்டர்!"
நானும் முகர்ந்தேன். சத்தியம்.
சதகுப்பை என்று பையன் விளக்கி முடிப்பதற்குள்
எங்கள் இரண்டு பேருக்கும் மணி ராத்திரி இரண்டேகால்,
அனுஷ் காலை மடக்கி வீறிடுகிறான்,
நான் ஸ்பூனைத் தேடி அலமாரியை உருட்டுகிறேன்.
சிரித்தோம். பக்கத்து மேசை திரும்பிப் பார்த்தது.
அவனுக்கு இப்போது பதினேழு. இப்போதும் வீறிடுகிறான்,
பைக் வேண்டுமாம்.

பிறகுதான் கவனித்தேன்,
அவள் வலது கை மேலே வரவேயில்லை.
இடது கையில் முள்கரண்டியைப் பிடித்து
சாளையைத் துரத்துகிறாள்.
அது தட்டைச் சுற்றி நழுவுகிறது.

அண்டி ஆபீசில் பதினொரு வருடம்.
தோட்டெண்ணெய் தின்ற விரல்நுனிகள்,
எலுமிச்சையும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாலும்
போகாத கறுப்பு.
வீட்டில் அது வெறும் கை.
இங்கே வெள்ளைத் தட்டுக்குப் பக்கத்தில்,
அந்தக் கை வந்திருக்க வேண்டிய இடத்தில்,
நான் அளந்து இறக்கிய வெளிச்சம்
வட்டமாய்க் காத்துக்கொண்டிருக்கிறது.
ஷெர்வினிடம் இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருக்கலாம்.

என்னத்தையாவது சொல்ல வாயைத் திறந்தேன்.
கரண்டு போனது.

ஜெனரேட்டர் எடுக்க நாலு செகண்டு.
டைமர் வைத்ததும் நான்தான்.
ரெண்டாகக் குறைக்கலாமா என்று ஷெர்வின் கேட்டான்.
மிஷினுக்குக் கேடு என்று சொல்லி
விட்டுவிட்டேன்.

இருட்டில் ஒரு வளையல் சத்தம்,
என் பக்கத்திலேயே.

வெளிச்சம் வந்தபோது அவள் தட்டில் சாளை இல்லை.
முள்கரண்டி கழுவி வைத்ததுபோலக் கிடந்தது.
ஒரு கன்னம் உப்பியிருக்க
விளக்கை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்,
அதில் ஏதோ கோளாறு இருக்கிற மாதிரி.

"உப்பு பத்தாது" என்றாள், விழுங்கிவிட்டு.
என் தட்டை இடது கையால் தன் பக்கம் இழுத்துக்கொண்டு,
"அடுத்தது எப்பம் போவும்?"